வரலாற்றுப் பூங்காவில் குறியிட்ட பாதையை விட்டு விலகி நடக்கலாமா?

தடம்தேடி:
"குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்" என்ற விதியை வரலாற்றுப் பூங்காக்களில் எல்லோருக்கும் ஒரேபோல விதிப்பது சரியல்ல என்பது என் கருத்து. திசைகாட்டியும் வரைபடமும் கையாளத் தெரிந்த ஒருவர், தம் குப்பையைத் தாமே திரும்ப எடுத்து வருபவர், இடிந்த கோட்டையின் பின்சரிவில் சற்று இறங்கிப் பார்ப்பதால் என்ன கெட்டுவிடப் போகிறது? சொல்லப்போனால், வருகிற அத்தனை பேரையும் ஒரே கோட்டில் நடக்கவிடும்போதுதான் பாதை பள்ளமாகி, மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை அரிக்கிறது.

மண்ணடுக்கு:
காட்டையும் வரலாற்றுப் பூங்காவையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது, ஐயா. மிதிபட்ட புல் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். இடம்பெயர்ந்த பானை ஓட்டுக்கு அப்படி மறுவாழ்வு இல்லை. அது எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதைக் கொண்டே அகழாய்வாளர் அதன் காலத்தையும் பயனையும் கணிக்கிறார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நான்கடி தள்ளி வைத்தாலே அந்தச் சான்று போய்விடுகிறது. அலாஸ்காவில் தொடங்கிக் கனடாவுக்குள் செல்லும் சில்கூட் பாதையில், 1897-98இல் தங்கம் தேடிப் போனவர்கள் சுமக்க மாட்டாமல் விட்டுச்சென்ற காலணிகளும் துருவேறிய இரும்புச் சாமான்களும் இன்றும் வழியோரம் கிடக்கின்றன. நடந்தவர்கள் ஆளுக்கொன்றை எடுத்துப் போயிருந்தால், அந்த 53 கிலோமீட்டரில் வெறும் மலைதான் மிஞ்சியிருக்கும்.

பாதை தேய்கிறது என்பது உண்மை. அதற்கு மருந்து ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதே தவிர, அவர்களைச் சரிவெங்கும் பரவவிடுவது அன்று. பெருவின் இன்கா பாதையில் நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுமதியில்லை. பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுவதும் மூடிவிடுகிறார்கள். நடைக்கோலின் இரும்பு முனை பழங்கற்படிகளைச் சுரண்டாதிருக்க, ரப்பர் உறை மாட்டியாக வேண்டும்.

தடம்தேடி:
பொருளை எடுக்கலாகாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த 500இல் சுமைதூக்குவோரும் சமையற்காரர்களும் வழிகாட்டிகளும் அடக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயணிகளுக்கு எஞ்சுவது பாதிக்கும் குறைவான இடமே; அதுவும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக, பல மாதங்கள் முன்பே பணம் கட்டக்கூடியவருக்குத்தான் கிடைக்கிறது. முன்னோர் நடந்த பாதை வசதி படைத்தவருக்கு மட்டும் உரியதாகிவிடுவதை நான் எப்படி ஏற்பேன்?

வழித்துணை:
இருவருமே பாதுகாப்பைத் தொடவில்லை. மனிதர் வாழ்ந்து கைவிட்ட நிலத்தில், புதர் மூடிய கிணறும் பாதி சரிந்த நிலவறையும் பழைய சுரங்க வாயும் இருக்கக்கூடும். திசைகாட்டி அவற்றைக் காட்டாது. காரையின்றி அடுக்கிய சுவரில் ஒரு கல் நழுவினால், அதன்மேல் உள்ளவையும் சேர்ந்து வரும். அங்கே ஒருவருக்குக் கால் முறிந்தால், தூக்குப்படுக்கையும் கயிறுமாக மீட்க வருபவர்கள் வேறு வழியின்றி அதே சரிவை மிதித்துத்தான் இறங்குவார்கள். ஆகவே உங்கள் காலும் அந்தச் சுவரும் பிழைப்பது பெரும்பாலும் ஒரே விதியால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடிபாட்டுக் கற்களைப் பொறுக்கி, விளையாட்டாகச் சிறு கோபுரம் அடுக்கிவிட்டுப் போகிறார்கள். பின்னால் வருபவர் அதை வழிக்குறி என்று நம்பித் திசை மாறுகிறார்; சுவரோ ஒரு கல்லை இழக்கிறது. கண்ணெதிரே யாரும் அடுக்கினால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

நேரக்கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதியின்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. கல்வெட்டையும் வாயிலையும் நின்று பார்ப்பவர் அதற்கு மேலும் ஒதுக்கி, திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே முடிவுசெய்து, அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதே முறை. இருட்டப் போகிறது என்ற பதற்றத்தில்தான் குறுக்குவழிகள் பிறக்கின்றன.

தடம்தேடி:
கிணறு, நிலவறை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சரிவில் இறங்கலாம் என்ற வாதத்தை அந்த அளவுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் "நுழையாதே" என்று மட்டும் எழுதிய பலகையை மதிக்க மனம் வருவதில்லை. அதன் பின்னால் என்ன புதைந்திருக்கிறது, ஏன் தடுக்கிறார்கள் என்பதைத் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை. கட்டணம் எளியவருக்கும் எட்ட வேண்டும் என்ற என் கோரிக்கையும் அப்படியே நிற்கிறது.

மண்ணடுக்கு:
கட்டணத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பலகையில் பாதிதான் உடன்பட முடியும். எது எங்கே புதைந்துள்ளது என்று எழுதிவைத்தால், இரவில் மண்வெட்டியோடு வருபவருக்கே அது வழிகாட்டும். தொல்லிடங்களின் அமைவிடத்தை வெளியிடாமல் காக்க அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப்பிரிவே உண்டு. தடைக்கான காரணத்தை எழுதட்டும். இடத்தை எழுத வேண்டாம்.