டன்ஸ்மியூர் மாதிரி மலை ரயில் ஊருங்க ஏன் இப்படி சுருங்கிப் போச்சு?

பேஏரியா_பாலா:
ஐ-5 ஹைவேல சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாலேருந்து போர்ட்லாண்ட் பக்கம் கார்ல போறவங்க டன்ஸ்மியூர்னு ஒரு எக்ஸிட் போர்டை கண்டிப்பா பாத்திருப்பீங்க, வட கலிஃபோர்னியால ஷாஸ்டா மலைக்கு கொஞ்சம் தெக்கால. நிறைய பேர் பெட்ரோல் போட்டுட்டு கிளம்பிடுவாங்க. நான் உள்ள இறங்கி ஒரு ரவுண்டு நடந்தேன். மொத்தம் 1700 பேர் சொச்சம்தான் இருக்காங்களாம், ஆனா மெயின் ரோட்டைப் பாத்தா அஞ்சாயிரம் பத்தாயிரம் பேருக்கு கட்டின மாதிரி இருக்கு, பெரிய பழைய தியேட்டர், வரிசையா ஹோட்டல் பில்டிங், கீழ ஆத்தை ஒட்டி ரயில் யார்டு. ரயில் இன்னமும் ஓடுது, கூட்ஸ் வண்டி போயிட்டேதான் இருக்கு. அப்புறம் ஊர் மட்டும் ஏன் காலியாச்சு? ஹைவே வந்ததாலயா இல்ல 1926ல கிளாமத் ஃபால்ஸ் வழியா புது லைன் போட்டாங்களே அதாலயா? அந்தக் காலத்துல அங்க ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அதுதான் எனக்கு முக்கியமா வேணும்.

ரயில்பைத்தியம்:
பாலா ஜி, ஊரோட பழைய பேரே உங்க கேள்விக்கு பாதி பதில். 1886ல தண்டவாளம் வந்தப்போ அந்த இடத்துக்கு பேரு ‘புஷர்’, அதாவது பின்னாடி தள்ளற இன்ஜின். சாக்ரமெண்டோ ஆத்தை ஒட்டியே மேல வர்ற லைன் அது வரைக்கும் ஓரளவு சமாளிச்சுடும், அங்கேருந்து நிஜமான ஏத்தம் ஆரம்பிக்குது. டன்ஸ்மியூர் 2300 அடி, அடுத்து பிளாக் பட் போனா 3900 அடி, நடுவுல கொஞ்ச மைல்தான். ஒத்த ஸ்டீம் இன்ஜின் கூட்ஸை இழுத்துட்டு அதுல ஏறாது. அதனால பின்னாடி தள்ள எக்ஸ்ட்ரா இன்ஜின் வேணும், அந்த இன்ஜின் நிக்க ரவுண்ட்ஹவுஸ் வேணும், திருப்ப டர்ன்டேபிள் வேணும், ஃபிட்டர், பாய்லர் ஆளு, ஃபயர்மேன், அவங்க தூங்க லாட்ஜ், சாப்பிட கடைன்னு வரிசையா வந்து ஊர் ஆயிடுச்சு. அந்த ஏத்தம்தான் ஊருக்கே சோறு போட்டுச்சு.

டன்ஸ்மியூர்ங்கற பேரு பின்னாடி வந்தது. கனடால பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் நிலக்கரி சுரங்க முதலாளி குடும்பத்து அலெக்சாண்டர் டன்ஸ்மியூர், ‘ஊருக்கு என் பேரை வெச்சா ஒரு ஃபவுண்டன் கட்டித் தரேன்’னாராம். வெச்சாங்க, கட்டினாரு, ஃபவுண்டன் இன்னும் அங்கேயே இருக்கு. சல்லிசா முடிஞ்ச டீல்.

அந்த லைனை போட்டதுல ஆயிரக்கணக்குல சீனத் தொழிலாளர்கள் உழைப்பு இருக்கு. 1882லயே சீனத் தொழிலாளர்கள் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு, ஏற்கனவே வந்தவங்களை வெச்சு மலையை வெட்டினாங்க. பேரு வெச்சவருக்கு ஃபவுண்டன் இருக்கு, வெட்டினவங்களுக்கு என்ன இருக்குன்னு கேக்காதீங்க.

ஓரிகான்வாசி:
1926 லைன் பத்தி ஒரு விஷயம். அதால டன்ஸ்மியூருக்கு நஷ்டமே இல்ல, லாபம்தான். மேப்பை எடுத்துப் பாருங்க, நேட்ரான் கட்ஆஃப்ங்கற அந்தப் புது லைன் பிரியறது டன்ஸ்மியூருக்கு வடக்க பிளாக் பட்லதான். அதனால பழைய லைன்ல போனாலும் புது லைன்ல போனாலும் வண்டி டன்ஸ்மியூரைத் தாண்டித்தான் ஆகணும். அடி வாங்கினது எங்க பக்கம் ஆஷ்லாண்ட். 1887 டிசம்பர்ல கலிஃபோர்னியா லைனும் ஓரிகான் லைனும் ஆஷ்லாண்ட்லதான் சேந்துச்சு, ஆனா சிஸ்கியூ மலையைத் தாண்டற இடத்துல ஏத்தம் 3.3 பர்சென்ட், நூறு அடி போனா மூணேகால் அடிக்கு மேல ஏறணும், மெயின்லைனுக்கு அது கொடுமை. கிளாமத் ஃபால்ஸ் வழி திறந்ததும் நெடுந்தூரம் போற வண்டி எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு, ஆஷ்லாண்ட் ஸ்டேஷன் ஈ ஓட்டுச்சு.

ஆனா இன்னிக்கு ரெண்டு ஊரையும் பாருங்க. ஆஷ்லாண்ட்ல 1935ல ஷேக்ஸ்பியர் நாடக விழா ஆரம்பிச்சாங்க, இன்னி வரைக்கும் அதை வெச்சு ஊரே நடக்குது. சீக்கிரமே ரயிலை இழந்த ஊருக்கு வேற வழி தேட டைம் கிடைச்சுது. டன்ஸ்மியூர் இன்னும் முப்பது வருஷம் ரயிலை நம்பியே இருந்துச்சு, அப்புறம் டீசல் வந்துச்சு.

ரயில்பைத்தியம்:
கரெக்ட். அதை நானும் சொல்ல வந்தேன். ஸ்டீம் இன்ஜினுக்கு கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா தண்ணி வேணும், ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனி க்ரூ வேணும், ஓடினதுக்கப்புறம் மணிக்கணக்கா ஆள் வெச்சு பராமரிக்கணும். டீசல்ல நாலஞ்சு இன்ஜினை கோத்து ஒரே டிரைவர் ஓட்டலாம். அந்த லைனை அப்போ நடத்தின சதர்ன் பசிபிக் கம்பெனி 1950கள்ல டீசலுக்கு முழுசா மாறினதும் ரவுண்ட்ஹவுஸ் வேலை எல்லாம் ஆவியாப் போச்சு. வண்டி ஓடறது நிக்கல, ஆளுங்கதான் குறைஞ்சாங்க. உங்க கேள்விக்கு நேரடி பதில் இதான் பாலா ஜி. ஹைவேயும் ஒரு காரணம்தான், பழைய 99ஆம் நம்பர் ஹைவே ஊரோட மெயின் ரோடு வழியாவே போச்சு, ஐ-5 அதை ஒதுக்கி விட்டுடுச்சு, ஆனா அது ரெண்டாவது அடி.

(அந்த லைன்ல ஓடின ‘கேப் ஃபார்வர்டு’ இன்ஜின் ஒண்ணை சாக்ரமெண்டோ ரயில் மியூசியத்துல வெச்சிருக்காங்க, 4294. டன்னல்ல புகையில டிரைவர் மூச்சு முட்டக்கூடாதுன்னு கேபினை முன்னாடியும் புகைபோக்கியை பின்னாடியும் வெச்சு கட்டினது. நேர்ல பாருங்க, மிரண்டுடுவீங்க.)

கல்பனா_ரீடிங்:
ஜனங்க வாழ்க்கை பத்தி யாரும் சொல்லலியே, நான் சொல்றேன். அப்போ அமெரிக்க ரயில் ஊருங்கள்ல ‘கால் பாய்’னு ஒரு பையன் இருப்பான், போன் இல்லாத காலம், வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ராத்திரி ரெண்டு மணியானாலும் வீடு வீடா போய் கதவைத் தட்டி டிரைவரையும் ஃபயர்மேனையும் எழுப்பறது அவன் வேலை. அதனால எல்லாரும் யார்டுக்கு நடக்கற தூரத்துல குடியிருக்கணும், வீடெல்லாம் நெருக்கி நெருக்கி மலைச் சரிவுல ஏறினதுக்கு அது ஒரு காரணம். தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னே 1907லதான் சட்டம் வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்குங்க. அப்பா எப்போ வருவாரு எப்போ போவாருன்னு பிள்ளைங்களுக்கே தெரியாது, பகல்ல தூங்கற மனுஷனுக்காக வீடே பூனை நடை நடக்கணும்.

இன்னொண்ணு சீனியாரிட்டி. வேலை குறைஞ்சா சீனியர் ஆளு ஜூனியரோட வேலையை எடுத்துக்கலாம், அந்த ஜூனியர் அவனுக்கு கீழ இருக்கறவனைத் தள்ளுவான், கடைசில எவனோ ஒருத்தன் பொண்டாட்டி பிள்ளையோட ஊரை விட்டுப் போகணும். பக்கத்து வீட்டுக்காரன்தான் உங்க வேலையை எடுத்திருப்பான், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவன் மூஞ்சியிலயே முழிக்கணும். யூனியன் இன்சூரன்ஸ், லாட்ஜ்னு சொல்ற யூனியன் கிளை மீட்டிங், பெண்கள் சங்கம் எல்லாம் பலமா இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் நினைக்கறேன், கைம்பெண் ஆனா ஆதரவு அங்கேருந்துதான் வரணும்.

சந்தோஷமும் இருந்துச்சு. 1924ல பேஸ்பால் ஸ்டார் பேப் ரூத்தே ரயில்ல வந்து அந்த ஊர் கிரவுண்டுல காட்சி மேட்ச் ஆடிட்டுப் போயிருக்காரு, ரயில் நிக்கற ஊரா இல்லாட்டி அது நடந்திருக்குமா?

தூண்டில்காரன்:
1991ஐ விட்டுட்டீங்களே எல்லாரும். ஜூலை 14 ராத்திரி, ஊருக்கு வடக்க காண்டாரா லூப்னு ஒரு கடுமையான வளைவு, அங்க வண்டி தடம் புரண்டு ஒரு டேங்கர் ஆத்துல விழுந்துச்சு. உள்ள மெட்டாம் சோடியம், மண்ணுல போடற பூச்சிக்கொல்லி, சுமார் 19,000 கேலன் ஆத்துல கலந்துச்சு. ஷாஸ்டா ஏரி வரைக்கும் கிட்டத்தட்ட 40 மைல் ஆத்துல ஒரு உயிர் மிச்சமில்ல, மீன் மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல. ரயில் வேலை போனதுக்கப்புறம் அந்த ஊருக்கு இருந்த பிழைப்பு ட்ரவுட் மீன் பிடிக்க வர்ற ஆளுங்கதான், அதையும் ரயிலே வந்து அழிச்சுது. பல வருஷம் கழிச்சு ஆறு திரும்பிச்சு, துணை ஓடைகள்லேருந்து பூச்சி புழு எல்லாம் வந்து மறுபடி மீன் பெருகிச்சு. இப்போ அங்க மீன் பிடிப்பு அருமையா இருக்கு, நம்பிப் போகலாம்.

பேஏரியா_பாலா:
எல்லாருக்கும் நன்றி. கல்பனா மேடம், அந்த சீனியாரிட்டி மேட்டர் நான் யோசிக்கவே இல்ல. அடுத்த தடவை பசங்களைக் கூட்டிட்டுப் போறேன், ரயில் பாக்க நல்ல இடம் எது? மாஸ்ப்ரே அருவிக்கு தண்டவாளம் மேலயே நடந்து போறாங்கன்னு கேள்விப்பட்டேன்.

ரயில்பைத்தியம்:
அதை மட்டும் செய்யாதீங்க ஜி. தண்டவாளம் இப்போ யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியோடது, நடந்தா அத்துமீறல், அங்க ஆளுங்க ரயில்ல அடிபட்டிருக்காங்க. ஆத்துச் சத்தத்துல பின்னாடி வண்டி வர்றது கேக்காது. பசங்களுக்கு ஹெட்ஜ் க்ரீக் அருவி போதும், பார்க்கிங்லேருந்து கொஞ்ச தூரம்தான் நடை. ரயில் பாக்கணும்னா சாக்ரமெண்டோ அவென்யூல ஆம்ட்ராக் ஸ்டேஷன் பக்கம் நில்லுங்க, யார்டு கண்ணு முன்னாடி. ஸ்டேஷன்ல உள்ளூர்க்காரங்க நடத்தற சின்ன மியூசியம் ரூம் இருக்கு, எல்லா நாளும் திறக்க மாட்டாங்க, பாத்துட்டுப் போங்க. ஆம்ட்ராக்கோட பயணிகள் ரயில் கோஸ்ட் ஸ்டார்லைட்டை மட்டும் எதிர்பாக்காதீங்க, வடக்க போறது நடுராத்திரி, தெக்க வர்றது விடியறதுக்கு முன்னாடி.