மாண்டி பைத்தானின் கடைசி மேடை: விடையாற்றியா, வசூலா?

தெப்பக்குளத்தார்:
'மாண்டி பைத்தான் லைவ் (மோஸ்ட்லி)' நிகழ்ச்சியின் ஒளிப்பதிவைச் சென்ற வாரம்தான் முழுமையாகப் பார்த்தேன். 2014 ஜூலை 20 அன்று லண்டன் ஓ2 அரங்கிலிருந்து பிரிட்டனின் கோல்டு தொலைக்காட்சியிலும் பல நாட்டுத் திரையரங்குகளிலும் நேரடியாக ஒளிபரப்பான, மாண்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவின் விடைபெறும் நிகழ்ச்சி அது. புதியவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1969 அக்டோபரில் பிபிசியில் தொடங்கி 1974 டிசம்பர் வரை 45 பகுதிகளாக வந்த தொடரால் புகழ்பெற்ற ஆறு பேர் இவர்கள். அவர்களில் கிரஹாம் சாப்மன் 1989-இல் காலமாகிவிட, ஜான் கிளீஸ், டெரி கில்லியம், எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகிய ஐவரும் இந்த மேடையில் கூடினார்கள்.

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் இவர்களுடைய ஒலிநாடாக்களைத் தேயத் தேயக் கேட்டவன் என்பதால் குறை சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். செத்த கிளியைக் கடையில் திருப்பிக் கொடுக்க வருபவனின் காட்சி 1969 டிசம்பரில் முதன்முதலாக ஒளிபரப்பானது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, எழுபதைத் தாண்டிய இருவர் அதையே மீண்டும் நடிக்கிறார்கள். புதிதாக எழுதியவை மிகக் குறைவு. இடைவெளியை நிரப்ப ஆர்லீன் பிலிப்ஸ் அமைத்த நடனங்களும் பழைய ஒளிப்பதிவுத் துண்டுகளும் வந்துகொண்டே இருக்கின்றன. முதியவர்கள் உடை மாற்றி மூச்சு வாங்குவதற்காகத்தான் அந்த நடனங்கள் என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு டெரி ஜோன்ஸ் வசனத்தைப் பார்த்துப் படிக்கிறார். ஒத்திகைக்குக்கூட நேரம் ஒதுக்காமல் வசூலுக்காக மேடை ஏறியவர்கள் என்ற எண்ணம்தான் எனக்கு மிஞ்சியது.

கோரிப்பாளையத்தான்:
ஐயா, தங்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் வசூல் என்பதை ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அதை மறைக்கவே இல்லை. 1975-இல் வந்த அவர்களுடைய 'ஹோலி கிரெயில்' படத்தின் தயாரிப்பாளர், அதிலிருந்து உருவான மேடை இசைநாடகத்தின் வருவாயில் தமக்கும் கூடுதல் பங்கு உண்டு என்று வழக்குத் தொடுத்து, 2013 ஜூலையில் வென்றார். பல லட்சம் பவுண்டு கட்ட வேண்டிய நிலை வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே மறுகூடலை அறிவித்தார்கள். வீட்டுக் கடனை அடைக்க முடிந்தால் நல்லது என்று ஜோன்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். விளம்பர வாசகமே 'ஒருவர் போயாயிற்று, இன்னும் ஐவர் பாக்கி' என்ற பொருளில்தான் இருந்தது. தம்மைத் தாமே இந்த அளவுக்குக் கிண்டல் செய்துகொள்பவர்கள் மீது நாம் புதிதாக எந்தக் குற்றத்தைச் சுமத்துவது?

அந்த ஆண்டு நான் மென்பொருள் வேலையாக லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்தேன். முதலில் ஒரே ஒரு நாள் நிகழ்ச்சிதான் அறிவிக்கப்பட்டது. அதன் நுழைவுச்சீட்டுகள் முக்கால் நிமிடத்துக்குள் தீர்ந்துபோனதால் பத்து நாள்களாக நீட்டினார்கள். அப்போதும் எனக்குச் சீட்டு கிடைக்கவில்லை. கடைசி இரவை, உடன் தங்கியிருந்த மூவரோடு தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். எங்களில் ஒருவர் திருமங்கலத்துக்காரர். மாண்டி பைத்தான் என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். கிளிக் காட்சியில் கிளீஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே அரங்கம் ஆரவாரிப்பதைப் பார்த்து, "இது நகைச்சுவை நிகழ்ச்சியா, சாமி புறப்பாடா?" என்று அவர் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. அவர் கேட்டதிலேயே பாதி விடை இருப்பதாக நினைக்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதைச் சென்ற ஆண்டே பார்த்துவிட்டோமே என்று யாராவது வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமா?

தெப்பக்குளத்தார்:
தம்பி, அழகரை இதில் இழுக்காதீர்கள். அழகருக்கு வயதாவதும் இல்லை, அவர் வசனம் மறப்பதும் இல்லை. புதுமையாகச் சிந்திப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் நான் புதுமையை எதிர்பார்க்கிறேன். பிபிசியில் இருந்தபோது ஒரு காட்சிக்கு முடிவு வரி வேண்டும் என்ற வழக்கத்தையே தூக்கி எறிந்தவர்கள் இவர்கள். நடுவில் யாராவது வந்து 'இது மிகவும் அபத்தமாக இருக்கிறது, நிறுத்துங்கள்' என்பார், காட்சி அடுத்ததற்குத் தாவிவிடும். அப்படிப்பட்டவர்கள் தம் பழைய காட்சிகளையே வரி பிசகாமல் ஒப்பிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மேடையில் வந்த நான்கு யார்க்‌ஷயர்காரர்கள் காட்சி மாண்டி பைத்தானுக்காக எழுதப்பட்டதுகூட இல்லை. கிளீஸும் சாப்மனும் வேறு இருவரோடு சேர்ந்து 1967-இல் மற்றொரு தொலைக்காட்சித் தொடருக்காக எழுதியது அது.

மேலூரான்:
நுழைவுச்சீட்டு 27.50 பவுண்டில் தொடங்கி 95 பவுண்டு வரை விற்றதாகப் படித்தேன். அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் மேலே. அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒலிநாடாவில் கேட்டதையே மறுபடியும் கேட்டுவிட்டு வருவதா என்பதுதான் என் சிற்றறிவுக்கு எட்டிய கேள்வி.

பபூன் மகன்:
என் தந்தை, ஸ்பெஷல் நாடகம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்து மேடை நாடகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பபூன் வேடம் கட்டியவர். பங்குனி, சித்திரை மாதங்களில் வீட்டில் தங்கும் இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வீட்டிலிருந்து வந்தவன் என்பதால், இருதரப்பும் தவறவிட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய நகைச்சுவையைத் திரும்பச் சொல்வது குற்றமே அன்று. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், அவர் 1922-இல் மறைந்து இத்தனை காலம் ஆன பிறகும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கிறது. வள்ளி யாரை மணப்பாள் என்று தெரியாமல் அங்கே யாரும் பாய் விரித்து உட்காருவதில்லை. என் தந்தையிடம் இருந்த மொத்த நகைச்சுவைத் துணுக்குகள் இருபதைத் தாண்டாது. முன்வரிசையில் இருக்கும் பையன்கள் அவருக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவார்கள். அவர் கோபித்துக்கொள்வது போல நடிப்பார். அந்தக் கோபத்துக்குத்தான் கூடுதல் சிரிப்பு கிடைக்கும். ஆகவே ஓ2 அரங்கில் இரசிகர்கள் அக்குழுவின் பாத்திரங்களைப் போலத் தலையில் முடிச்சுப் போட்ட கைக்குட்டையோடு வந்து வசனத்தைக் கூடவே சொன்னதில் எனக்கு வியப்பு ஏதும் இல்லை. மேலூரார் ஒலிநாடாவைப் பற்றிக் கேட்டார். ஒலிநாடாவுக்கு முன்னால் உட்கார்ந்து முடிவை முந்திச் சொன்னால் அது கோபித்துக்கொள்ளாது.

ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் ஓர் ஊர், முருகன் வேறோர் ஊர், வள்ளி மூன்றாவது ஊர். பல நேரங்களில் மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அதனால் துணுக்கு பழையதாக இருந்தாலும், அதற்குள் அந்த ஊர்க் கண்மாயும், தலைவர் போட்டுத் தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணறும், அன்று மாலை தேநீர்க் கடையில் காதில் விழுந்த சண்டையும் புகுந்துவிடும். லண்டன் மேடையில் பெரும்பகுதி அப்படி இல்லை. பெருந்திரைகளும், முன்பே எடுத்த படத்துண்டுகளும், இசைக்குழுவும், நடனக்காரர்களும் நொடிக் கணக்கில் பிணைக்கப்பட்டிருக்கும்போது நடிகர் நினைத்தாலும் விலகிப் போக முடியாது. என் குறை அதுதான்.

அந்தக் கட்டு அவிழ்ந்தது கிளிக் காட்சியில். கிளீஸின் குரல் கட்டிப்போயிருக்கிறது, வரிகள் நழுவுகின்றன, பேலின் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார். செத்த கிளி 'படைத்தவனைச் சந்திக்கப் போய்விட்டது' என்று பழைய வசனம் வரும் இடத்தில், கிளீஸ் 'டாக்டர் சாப்மனைச் சந்திக்கப் போய்விட்டது' என்று மாற்றிச் சொல்கிறார். சாப்மன் உண்மையிலேயே மருத்துவம் படித்தவர். பழுதான டோஸ்டரைத் திருப்பிக் கொடுக்க வருவதாக இருந்த அந்தக் காட்சியில் டோஸ்டரைக் கிளியாக்கச் சொன்னவரும் அவர்தான். இறந்துபோன நண்பனை, அவன் கொடுத்த கிளியை வைத்தே கிண்டல் செய்வதைப் பார்த்தபோது என் தந்தை பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தெப்பக்குளத்தார்:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆயினும் தாங்கள் சொல்வதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த நீண்ட நிகழ்ச்சியில் உயிரோடு இருந்தது அவர்கள் தவறு செய்த சில நிமிடங்கள் மட்டுமே என்றாகிறது. வசனம் மறப்பதையே கலை என்று கொண்டால் என் பேரனின் பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்கு இணையான படைப்பு உலகில் இல்லை. தவிர, இறந்த சாப்மனைத் திரையில் அடிக்கடி காட்டிக் கண்ணீர் வரவழைப்பது அவர்களுடைய பழைய குணத்துக்கே பொருந்தவில்லை.

கோரிப்பாளையத்தான்:
கண்ணீர் வரவழைப்பவர்களா? 1998-இல் அமெரிக்காவின் ஆஸ்பென் நகர நகைச்சுவை விழாவில் இவர்கள் ஒன்றுகூடியபோது, சாப்மனின் அஸ்தி என்று சொல்லி ஒரு கலயத்தை மேடைக்குக் கொண்டு வந்தார்கள். சற்று நேரத்தில் கில்லியம் அதைக் காலால் தட்டிக் கவிழ்த்துவிட, சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டிப் பெருக்கினார்கள். நம் ஊரில் இழவு வீட்டு வாசலிலேயே இறந்தவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசும் மாமன் மச்சான்மார்கள் இருக்கிறார்களே, இவர்களும் அந்த வகையறாதான். ஓ2 மேடையில் சாப்மனின் படத்துண்டுகளை வைத்தது, வரமுடியாத பங்காளிக்கும் பந்தியில் ஓர் இலை போட்டது போன்றது.

திருநகர் ஆசிரியை:
பணிநிறைவு பெற்ற ஆங்கில ஆசிரியையான நான் இந்த விவாதத்தில் இடையிடுவது ஒரே ஒரு காரணத்துக்காக. தெப்பக்குளத்து ஐயா தொடக்கத்தில் எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

டெரி ஜோன்ஸ் வசனத்தைப் பார்த்துப் படித்தது உண்மை. ஆனால் அது ஒத்திகைக் குறைவால் அன்று. வசனத்தை நினைவில் வைத்துக்கொள்வதில் எப்போதும் வல்லவரான அவர், அந்த நிகழ்ச்சியின்போது மிகவும் திணறியதாகவும், இறுதியில் எழுத்துத் திரையின் உதவியை நாட நேர்ந்ததாகவும் மைக்கேல் பேலினே பின்னாளில் தெரிவித்திருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் நோய் கண்டறியப்பட்டது; மொழியாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஒருவகை மூளைத் தேய்வு. 2016-இல் அது பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் தமது 77-ஆம் வயதில் அவர் காலமானார். சொல்லையே கருவியாகக் கொண்டு வாழ்ந்தவர், சொற்கள் தம்மை விட்டுப் போகத் தொடங்கிய நேரத்தில், அதற்கு ஒரு பெயர்கூடத் தெரியாமல், பத்து இரவுகள் அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் நின்றிருக்கிறார்.

என் தாயார் கடைசி மூன்று ஆண்டுகள் 'தண்ணீர்' என்ற சொல்லைத் தேடிக் கையால் குவளை வடிவம் காட்டுவார்கள். தொடக்கத்தில் நாங்கள் சிரித்தோம், விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்று நினைத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்; ஐயாவைக் கடிந்துகொள்வதற்காக அன்று.

தெப்பக்குளத்தார்:
அம்மா, ஜோன்ஸ் பின்னாளில் நோயுற்று இறந்தார் என்பதைப் படித்திருக்கிறேன். அதன் முதல் அறிகுறியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது தாங்கள் எழுதிய பிறகுதான் உறைக்கிறது. ஒத்திகையைப் பற்றி எழுதிய வரியை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேற்று இரவு அந்தப் பகுதிகளை மட்டும் மீண்டும் பார்த்தேன். வரி நழுவும்போது உடன் நிற்பவர்கள் பரபரப்பு காட்டாமல் அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. முதல் முறை பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

ஆனால் மற்றவற்றில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிக்காக அண்மைக் காட்சிகளாகவே எடுத்துத் தள்ளியதால் ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு தடுமாற்றமும் நம் வரவேற்பறைக்குள் வந்து விழுகிறது. ஐவரும் நான்கு நாற்காலிகள் மட்டும் உள்ள ஒரு சிறிய மேடையில், நடனம் இல்லாமல், பபூன் மகன் சொல்வது போல வாய்க்கு வந்ததைப் பேசியிருந்தால் பதினைந்து மடங்கு நன்றாக இருந்திருக்கும்.

பபூன் மகன்:
ஐவருக்கு நான்கு நாற்காலிகள் போட்டால் போதும், நகைச்சுவை தானாகவே வந்துவிடும். அதில் நான் தங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், ஐயா. பணம் கட்டி வாக்குவாதம் வாங்கும் அலுவலகம் ஒன்று அவர்களுடைய காட்சியில் வருமே, அதையும் அந்த நாற்காலிகளிலேயே நடத்தியிருக்கலாம். நாம் இங்கே அதே வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது வேறு செய்தி.

மேலூரான்:
எல்லோரும் நிகழ்ச்சியைப் பற்றி எழுதிவிட்டீர்கள், முடிவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எரிக் ஐடில் எழுதிய, அரங்கமே சேர்ந்து பாடிய அந்தப் பாட்டுக்குப் பிறகு திரையில் ஏதோ எழுத்து வருகிறதாமே, அது என்ன?

கோரிப்பாளையத்தான்:
சாப்மனின் பெயரும் 1941–1989 என்ற ஆண்டுகளும் முதலில் வந்தன. பிறகு மாண்டி பைத்தான், 1969–2014. அதன் பிறகு ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் ஒரு வசவு. 'எழுந்து ஓடிப் போங்கள்' என்று மொழிபெயர்த்தால் மரியாதை கூடிவிடுகிறது; நம் மதுரை வழக்கில் சரியான சொல் இருக்கிறது, இங்கே எழுதினால் ஆசிரியை அம்மா மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். அறையில் இருந்த நாங்கள் நால்வரும் அந்த வசவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தொலைக்காட்சியை அணைக்க மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

தெப்பக்குளத்தார்:
அந்த இரண்டு சொற்கள் பிடித்திருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிகழ்ச்சியிலேயே முழுக்க முழுக்கப் புதிதாக எழுதப்பட்ட வசனம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

பபூன் மகன்:
என் தந்தையும் மங்களம் பாடி முடிந்ததும் வேடம் கலைக்காமலே ஒருமுறை மேடையின் முன்பக்கம் வருவார். பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து, "விடிஞ்சு போச்சு, இன்னும் என்னத்தப் பாக்குறீங்க? போய் மாட்டை அவுத்துக் கட்டுங்கய்யா" என்பார். ஒவ்வொரு ஊரிலும் இதே வரிதான். ஒவ்வொரு ஊரிலும் சிரித்தார்கள்.