நிக்கான் டி5600: வேகமான கார்டு போட்டால் பர்ஸ்ட் நீளுமா?

கேள்வி: 12 பிட் ராவில் (சென்சார் தரும் மூலக் கோப்பு) ஷட்டரை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து படமெடுத்தால் (பர்ஸ்ட்) கொஞ்ச நேரத்தில் கேமரா திணறுகிறது. இருப்பது பழைய கிளாஸ் 10 கார்டு. 300 எம்பி வேகம் போட்ட யூஎச்எஸ்-2 (எஸ்டி கார்டின் வேக வகை) வாங்கினால் தீருமா? ஃபோகஸும் வேகமாகுமா?

பதில் 1: ஃபோகஸுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. எடுக்கும் படம் முதலில் பஃபரில் (கேமராவின் தற்காலிக நினைவகம்) விழும், அங்கிருந்துதான் கார்டுக்குப் போகும். பஃபர் நிறைந்ததும் வேகம் சரிகிறது. வேகமான கார்டு அதைச் சீக்கிரம் காலி செய்யும், அவ்வளவே. ஆனால் டி5600 யூஎச்எஸ்-1 கேமரா. அந்த பஸ்ஸின் (கார்டுக்குத் தரவு போகும் வழி) உச்சமே நொடிக்கு 104 எம்பி. யூஎச்எஸ்-2 கார்டின் இரண்டாம் வரிசை பின்களைத் தொட உள்ளே ஆளில்லை. காசு வீண். வி30 குறியிட்ட நல்ல யூஎச்எஸ்-1 போதும்.

பதில் 2: அட்டையில் பெரிதாகப் போடும் எண் படிக்கும் வேகம் சார், எழுதும் வேகம் அல்ல. வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்ற உறுதி. கிளாஸ் 10க்கு அது வெறும் 10.

சோதிக்க: மேனுவல் ஃபோகஸ், 1/500, ரா மட்டும். வேகம் குறையும்வரை அழுத்திப் பிடித்து, பிறகு விரலை எடுங்கள். கார்டு விளக்கு அணைய எத்தனை நொடி என்று பாருங்கள். ஆட்டோ டிஸ்டார்ஷன் கன்ட்ரோலை (லென்ஸ் தரும் வளைவைத் திருத்தும் வசதி) அணைத்து வையுங்கள், அதுவும் பஃபரைத் தின்னும்.

பதில் 3: கணினிக்கு நகலெடுப்பது மெதுவென்றால் யூஎஸ்பி 2 ரீடரை முதலில் தூக்கிப் போடுங்கள்.