மறு: ஆசனப்பட்டி உணரியா, கொளுவி ஆளியா?

வணக்கம்,

வண்டியின் ஆசனப்பட்டி (சீற் பெல்ற்) பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிற சாமானுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள்:

> "ஆசனப்பட்டி உணரி" என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும்தான், ஆனால் எதைச் சொல்கிறோம் என்று விளங்காது. பட்டியின் நாக்கு (பூட்டுக்குள் செருகுகிற உலோகத் தகடு) உள்ளே போய்ப் பூட்டிவிட்டதா என்று பார்க்கிறது ஒன்று, ஆசனத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறது இன்னொன்று, மோதினால் பட்டியை இழுத்து இறுக்குகிறது மூன்றாவது. கராஜில் மூன்றுக்கும் 'சீற் பெல்ற் சென்சர்' என்ற ஒரே பெயர்தான். மூன்றாவது வெடிமருந்தில் வேலை செய்வது என்பதை மறந்துவிடாதீர்கள்.

போன மாதம் கிளிநொச்சியில் எங்களிடம் ஒரு பிக்கப் வந்தது. பட்டி போட்டுத்தான் ஓடுகிறாராம், ஆனாலும் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும்போது குழியில் விழுந்து எழும்பினால் டாஷ்போட்டில் சிவப்பு லைற் பற்றுகிறது. நான் வெளியில் நின்றபடியால், சென்சரைச் செக் பண்ணு என்று பெடியனுக்குப் போனில் சொல்லிவிட்டேன். வந்து பார்த்தால் ஆசனத்துக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, பற்றறியும் கழற்றாமல், அந்த வெடிமருந்துச் சாமானின் மஞ்சள் பிளக்கில் ஓம் மீற்றர் (மின்தடை அளக்கிற மீற்றர்) வைக்கப் போகிறான்! மீற்றர் அனுப்புகிற சின்ன மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம். கத்திவிட்டேன், பிறகு யோசித்தால் பிழை அவனில் இல்லை, நான் சொன்ன சொல்லில்தான்.

சரி, பற்றறியின் மறை முனையைக் கழற்றி, 90 செக்கன் பொறுத்து (சில கொம்பனிகளின் கைநூல் இதைவிடக் கூடச் சொல்லும்), நாக்குப் பூட்டுகிற இடத்துக்கு இரண்டு வயர் போகிற சின்னப் பிளக்கை இழுத்துப் பார்த்தோம். நாக்கைப் போட்டால் சுற்று மூடுகிறது, எடுத்தால் திறக்கிறது, அதில் கோளாறில்லை. பிளக்கின் ஊசியில்தான் பச்சைக் களிம்பு. வண்டி ஒருமுறை வெள்ளத்தில் நின்றதாம், காப்பெற்றுக்கு அடியில் சேறு இன்னும் காய்ந்த தோலாய்க் கிடந்தது. ஊசியைத் துடைத்து, ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம், லைற் வரவில்லை. சில வண்டிகளில் இது நேர்மாறு: நாக்கு வெளியில் இருக்கும்போதுதான் சுற்று மூடும். அதில் இதே களிம்பு பிடித்தால் லைற் ஒருநாளும் வராது, ஆகவே ஒருத்தரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

ஆகவே நாக்குப் பூட்டியதா என்று பார்ப்பதற்கு என் பரிந்துரை 'கொளுவி ஆளி': கொளுவி என்றால் பக்கிள், ஆளி என்றால் சுவிற்ச். ஆளி எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே உள்ள சொல். கொளுக்கி என்று ஒருவர் எழுதியிருந்தார், அது வளைந்த கம்பி, இங்கே வளைவே இல்லை. ட்ராக்டரில் பெட்டியைக் கொளுவுகிறோம், சைக்கிள் ஹாண்டிலில் பையைக் கொளுவுகிறோம், பட்டியையும் அப்படியே. (கொழுவல் என்றால் சண்டை என்று சிரிக்க வேண்டாம், ழகரம் எங்கள் வாய்ப்பழக்கம், எழுதும்போது ளகரம் போடுவோம்.)

இந்த ஆளியிலேயே காந்தத்தால் வேலை செய்கிற வகையில் ஓம் பார்த்துப் பயனில்லை, ஓடும் மின்னோட்டத்தைத்தான் அளக்க வேண்டும், ஒரு நிலையில் 5 மில்லி அம்பியர் அளவில் என்றால் மற்றதில் 15 அளவில் காட்டும். அதை உணரி என்பதுதான் முறை என்று நீங்கள் சொன்னால் மறுக்க முடியாது. ஆனாலும் பூட்டு, திறப்பு என்று இரண்டே நிலை சொல்வதால் ஆளி என்றே விடலாம் என்பேன்.

ஆசனத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற இரண்டாவதற்கு 'ஆளுணரி' வேண்டாம், போனில் ஆளியும் ஆளுணரியும் ஒன்றாய்த்தான் கேட்கும். 'பார உணரி' போதும். அரை மூடை அரிசியை முன் ஆசனத்தில் வைத்தாலும் கீச்சிடுகிற சாமானுக்கு ஆளைத் தெரியும் என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

மோதினால் பட்டியை இறுக்குகிற மூன்றாவதற்கு 'முன்னிறுக்கி' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. கராஜில் இப்போதைக்கு "மஞ்சள் பிளக்கைத் தொடாதே" என்று சொல்லித்தான் சமாளிக்கிறோம், வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.