நம்ம வீடு குரூப்: மோட்டாரை எவ்வளவு பின்னால தள்றது?

சனிக்கிழமை

காலை 7:41 பிரபு: எல்லாரும் எந்திரிச்சாச்சா? 12 இன்ச் ஜாக் பிளேட் ஒண்ணு நல்ல நிலைமையில கைக்கு வந்திருக்கு. நம்ம போட்டுக்கு வாங்கிடலாம்னு இருக்கேன். மாமா ஒரு ஓகே சொல்லுங்க

7:43 நான்: மச்சான், என்கிட்ட சொல்லவே இல்ல. பாதி போட்டு என்னோடது

7:43 பிரபு: இப்ப சொல்றேன்ல

7:50 அத்தை: 🌸🌸 காலை வணக்கம்

7:53 சித்தப்பா: 12 எதுக்கு மாப்ள?

7:54 பிரபு: வீடியோல ஒருத்தர் 12 போட்டதும் பறக்குறாரு மாமா. பின்னால எவ்வளவு தள்றோமோ அவ்வளவு ஸ்பீடு

7:55 சித்தப்பா: அவர் போட்டு எத்தனை அடி? பேட்டரி எங்க இருக்கு, டேங்க் எங்க இருக்கு?

7:55 பிரபு: அதெல்லாம் வீடியோல சொல்லல

7:56 சித்தப்பா: சொல்ல மாட்டாங்க

7:58 அத்தை: எதைடா பின்னால தள்றீங்க? புரியிற மாதிரி பேசுங்க

8:04 சித்தப்பா: அக்கா, போட்டோட பின்பலகைல மோட்டாரை நேரா மாட்டுவோம்ல, அந்தப் பலகைதான் டிரான்சம். அதுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தாங்கி வச்சா மோட்டார் கொஞ்சம் பின்னால தள்ளி நிக்கும். அந்தத் தாங்கிதான் ஜாக் பிளேட். எத்தனை இன்ச் தள்ளி நிக்குதோ அது செட்பேக். அதே பிளேட்டுல மோட்டாரை மேல கீழ ஏத்தி இறக்கவும் செய்யலாம்

8:05 அத்தை: பின்னால தள்ளினா ஏன் வேகமா போகுது?

8:06 பிரபு: அம்மா கரெக்டா கேட்டுட்டாங்க 😂 மாமா சொல்லுங்க

8:13 சித்தப்பா: தள்றதால மட்டும் வேகம் வராது. போட்டு பிளேன்ல, அதாவது வேகம் எடுத்து தண்ணி மேல வழுக்கிக்கிட்டு ஓடும்போது, அடில அமுங்கின தண்ணி, பின்பலகையைத் தாண்டினதும் மேல எழும்பி வரும். பின்னால போகப் போக எழும்பும். மோட்டாரை அந்த இடத்துக்குத் தள்ளினா, எழும்பின அளவுக்கு மோட்டாரையும் மேல தூக்கலாம், அப்பவும் புரொப்புக்கு, அதான் தண்ணியைத் தள்ற விசிறிக்கு, தண்ணி கிடைக்கும். கியர்கேஸ், அதான் மோட்டாரோட அடிப்பாகம், தண்ணிக்குள்ள இருக்கிறது குறையும், இழுவை குறையும். வேகம் அங்க இருந்துதான் வருது. பின்னால தள்ளிட்டு பழைய உயரத்துலயே விட்டா பெருசா ஒண்ணும் கிடைக்காது

8:14 சித்தப்பா: உத்தேசக் கணக்கு, ஒவ்வொரு 8-12 இன்ச் தள்றதுக்கும் சுமார் 1 இன்ச் தூக்கலாம். இது ஆரம்பிக்கிறதுக்கு. மீதியைத் தண்ணிலதான் பார்க்கணும்

8:15 பிரபு: அப்ப 12 போட்டா இன்னும் தூக்கலாம்ல? நான் சொன்னதுதானே

8:22 செல்வி அக்கா: பிரபு, மோட்டார் எத்தனை கிலோ?

8:22 பிரபு: 215 மதினி. 200 எச்பி V6

8:26 செல்வி அக்கா: 12 இன்ச்னா 0.3 மீட்டர். 215ஐ அதால பெருக்கினா கிட்டத்தட்ட 65. அதாவது 65 கிலோ ஆள் ஒருத்தரை போட்டுக்குள்ள ஒரு மீட்டர் பின்னால நகர்த்தி உக்கார வச்சதுக்குச் சமம். பிளேட்டோட வெயிட் தனி. இதுக்கெல்லாம் முன்பக்கம் ஈடு கட்ட என்ன இருக்கு?

8:27 பிரபு: ஒண்ணும் இல்ல 😐

8:27 நான்: ரெண்டு பேட்டரியும் பின்னாலதான் இருக்கு. டேங்கும் பின்னாலதான்

8:28 அத்தை: 65 கிலோவா. என்னைத்தான் சொல்றாளோ

8:29 செல்வி அக்கா: அத்தை 🙈 கணக்கு அப்படி வந்துச்சு

8:41 சித்தப்பா: 🎤 குரல் செய்தி 2:36

8:44 அத்தை: காத்து சத்தம்தான் கேக்குது. எழுதி அனுப்புப்பா

9:02 சித்தப்பா: சரி எழுதறேன். என்கிட்ட முதல்ல இருந்தது 17 அடி போட்டு, லேசானது. நானும் ஆசைப்பட்டு 12 இன்ச் போட்டேன். கிளப்பும்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுது, பிளேனுக்கு ஏறவே ரொம்ப நேரம் எடுத்துது. ஏறின பிறகு பாதி வேகத்துல ஓட்டினா மூக்கு ஏறும் இறங்கும், ஏறும் இறங்கும். டிரிம்மை, அதாவது மோட்டார் சாய்ற கோணத்தை, முழுசா உள்ள இழுத்தா நிக்கும், ஆனா அப்புறம் வேகம் எங்க? இதுல ஒரு நாள் திராட்டிலைச் சட்டுனு விட்டேன். பின்னால ஏற்கனவே தாழ்ந்து கிடந்த போட்டு, அதோட அலையே துரத்திக்கிட்டு வந்து பின்பலகை மேல ஏறி உள்ள விழுந்துச்சு. கணுக்கால் வரைக்கும் தண்ணி. உள்ள வந்த தண்ணியை வெளிய தள்ற பில்ஜ் பம்ப் இருந்ததால வீடு வந்து சேர்ந்தேன்

9:03 அத்தை: இதை எங்க யார்கிட்டயும் சொல்லவே இல்ல நீ

9:04 சித்தப்பா: சொன்னா போட்டை வித்துருப்பீங்க

9:06 பிரபு: சரி மாமா. அப்ப செட்பேக்கே வேண்டாமா?

9:09 சித்தப்பா: வேணும் மாப்ள. உன் போட்டு 19 அடி, அடிப்பாகம் V மாதிரி, அதோட நடுவுல பின்பக்கம் தட்டையா ஒரு பட்டை, பேட்னு சொல்லுவோம், அது இருக்கு, நேரா டிரான்சம்லயே மாட்டி மோட்டார் ஆழத்துல கிடக்கு. கண்டிப்பா பலன் உண்டு. அளவுதான் கேள்வி. முதல்ல ரெண்டு பேரும் போய் இப்ப இருக்கிறதை அளந்து போடுங்க

9:10 நான்: எப்படி அளக்கணும் சித்தப்பா?

9:16 சித்தப்பா: டிரெய்லரை மட்டமான தரையில நிறுத்து. மோட்டார் கியர்கேஸுக்கு மேல தட்டு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அது பேடுக்கு இணையா வர்ற வரைக்கும் டிரிம் பண்ணு. அப்புறம் நேரான கட்டை ஒண்ணை பேட் அடில ஒட்ட வச்சு பின்னால நீட்டிப் பிடி. அங்க இருந்து புரொப் ஷாஃப்ட் நடு வரைக்கும் கீழ எவ்வளவுன்னு டேப்பை வை. பிளேட் வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டிய நம்பர் அதுதான். பேட் எந்த இடத்துல முடியுதுன்னும் பாரு

மதியம் 12:35 நான்: 📷 அளந்தாச்சு. ஷாஃப்ட் பேட்ல இருந்து 5 இன்ச் கீழ

12:36 நான்: இன்னொண்ணு சித்தப்பா. பேட் டிரான்சம் வரைக்கும் வரல. 4 இன்ச் முன்னாடியே முடிஞ்சு அடிப்பாகம் மேல படியா வெட்டின மாதிரி ஏறிடுது. இத்தனை நாள் ஓட்டிருக்கோம், கவனிச்சதே இல்ல

12:38 சித்தப்பா: 👏 அதுக்குத்தான் பார்க்கச் சொன்னேன். தண்ணிக்கு உன் டிரான்சம் எங்க இருக்குன்னு தெரியாது. அடிப்பாகம் எங்க முடியுதோ அங்க இருந்துதான் அதுக்குக் கணக்கு. போட்டு கட்டினவங்களே உனக்கு 4 இன்ச் செட்பேக் கொடுத்துட்டாங்க

12:39 செல்வி அக்கா: அப்ப பிரபு பார்த்த 12, உண்மையில 16

12:39 பிரபு: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

12:40 நான்: மச்சான் என்ன எழுதி அழிச்சீங்க 😂

12:47 சித்தப்பா: 6 வாங்குங்க. மொத்தம் 10 ஆகும். உங்க போட்டு நீளத்துக்கும் பின்பாரத்துக்கும் அது போதும். ரெண்டு பேட்டரியையும் முன்னால கொண்டு போங்க, ஆனா வயர் நீளம் கூடும்ல, தடிமனான வயரா போடுங்க, இல்லேன்னா ஸ்டார்ட் ஆகுறதுல மக்கர் பண்ணும். உயரம் ஷாஃப்ட் 3 இன்ச் கீழ வர்ற மாதிரி ஆரம்பிங்க

12:49 பிரபு: ஹைட்ராலிக்கா மேனுவலா மாமா? ஹைட்ராலிக்னா ஓட்டும்போதே ஏத்தி இறக்கலாம். தாழ்த்தி வச்சுக் கிளப்பிட்டு பிளேன் ஏறினதும் தூக்கிடலாம்

12:52 சித்தப்பா: வசதிதான். வெயிட்டு கூட, பம்பு ஹோஸ்னு வேலையும் கூட. இப்ப மேனுவல் போட்டு எந்த உயரம் சரின்னு கண்டுபிடிங்க. அப்புறம் ஆசை இருந்தா மாத்திக்கலாம்

1:05 செல்வி அக்கா: சித்தப்பா, டிரான்சம் தாங்குமா? பாரம் பின்னால தள்ளிப் போகப் போக போல்ட்டுல நெம்புற விசை ஏறுமே

1:11 சித்தப்பா: நல்ல கேள்வி, இதை இவனுங்க ரெண்டு பேரும் கேட்டிருக்கணும். உள்ள மரம் வச்ச டிரான்சம். ரப்பர் சுத்தியலால தட்டிக்கிட்டே வாங்க. கணீர்னு இருந்தா நல்லது. பொத்துனு சத்தம் வர்ற இடத்துல ஈரம் புகுந்திருக்கும். போல்ட் ஓட்டையைச் சுத்தி பழுப்பா நீர் கசிஞ்ச தடம், ஜெல்கோட்ல, அதான் வெளிப்பூச்சுல, மூலையில கீறல், இதெல்லாம் பாருங்க. சந்தேகம் இருந்தா பிளேட்டே வேண்டாம், முதல்ல பலகை வேலை

1:12 சித்தப்பா: அப்புறம் ஸ்டியரிங் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், கேபிள் எல்லாம் 6 இன்ச் கூட எட்டணும். மாட்டின பிறகு ஸ்டியரிங்கை ரெண்டு கடைசிக்கும் திருப்பி, மோட்டாரை முழுசா மேல மடக்கிப் பாருங்க. எங்கயும் இழுக்கக்கூடாது

மாலை 4:20 நான்: தட்டிப் பார்த்தாச்சு. எல்லா இடத்துலயும் கணீர்னு இருக்கு 👍 பெட்ரோல் ஹோஸ் மட்டும் எட்டாது போலிருக்கு, புதுசு போடணும்

4:21 பிரபு: 6க்கே ஓகே. மாமா, உங்க 3/4 ஸ்பேனர் ரெண்டையும் தூக்கிட்டு வர்றேன்

4:22 சித்தப்பா: தூக்கிட்டு வர்றது சரி. திருப்பிக் கொடுக்கணும்

மறு ஞாயிறு

காலை 6:10 நான்: மாட்டியாச்சு, தண்ணில இறக்கப் போறோம். ஷாஃப்ட் 3 இன்ச் கீழ

6:12 செல்வி அக்கா: போன வாரம் பழைய செட்டிங்குல ஓட்டி எழுதி வைக்கச் சொன்னேனே, எழுதினீங்களா?

6:13 நான்: எழுதிட்டோம் அக்கா. 5500 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ல 97 கிமீ. போகும்போதும் வரும்போதும் ஓட்டி சராசரி. அரை டேங்க், நாங்க ரெண்டு பேர். இன்னிக்கும் அதே அரை டேங்க், அதே புரொப்பு

6:14 சித்தப்பா: தண்ணி பிரஷர் மீட்டர்ல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. தூக்கத் தூக்க கியர்கேஸ்ல தண்ணி உறிஞ்சுற ஓட்டைகள் மேல வரும். முழு திராட்டில்ல 10 பிஎஸ்ஐக்குக் கீழ போச்சுன்னா வேகத்தைப் பார்க்காதீங்க, விட்டுடுங்க. இன்ஜின் புத்தகத்துல அதைவிடக் கூட போட்டிருந்தா அதுதான் கணக்கு

6:14 அத்தை: அந்தக் கயிறை மாட்டிக்கோங்க ரெண்டு பேரும். விழுந்தா இன்ஜின் நிக்குற கயிறு

6:15 பிரபு: ஓட்டுறவன்தான் மாட்டணும்மா. மாட்டிட்டேன்

8:48 நான்: 5750 ஆர்பிஎம், 102 கிமீ 🔥🔥 பிரஷர் 15ல நிக்குது

8:48 பிரபு: 5 கிமீ!!! மாமாவுக்கு ஜே

8:57 செல்வி அக்கா: இருங்க, ஸ்லிப், அதாவது புரொப்பு தண்ணில வழுக்குற அளவு, பார்க்கறேன். புரொப்பு 23 பிட்ச், கியர் 1.75, அதாவது இன்ஜின் 1.75 சுத்து சுத்தினா புரொப்பு ஒரு சுத்து. ஒரு சுத்துக்கு 23 இன்ச் அப்படியே முன்னால போகும்னு வச்சா 5500ல 110 கிமீ போகணும், போனது 97. ஸ்லிப் 12%. 5750ல 115 போகணும், போனது 102. ஸ்லிப் 11 சொச்சம். புரொப்பு தண்ணியைப் பிடிக்கிறது மாறல, ஆர்பிஎம்தான் ஏறியிருக்கு. அதாவது இழுவைதான் குறைஞ்சிருக்கு. சித்தப்பா சொன்னபடியே

8:59 சித்தப்பா: 🙏 படிச்ச புள்ள. மூக்கு குதிக்குதா?

9:01 நான்: 50, 60 கிமீல கொஞ்சம் குதிச்சுது, டிரிம்மை லேசா உள்ள இழுத்ததும் நின்னுடுச்சு. ஒரு பிரச்சினை மட்டும். வேகமா திருப்பும்போது இன்ஜின் திடீர்னு வீறிடுது, போட்டு மெதுவாகுது. ரெண்டு தடவை

9:04 சித்தப்பா: மேல இருந்து காத்தை இழுக்குது. திருப்பத்துல போட்டு சாயும், புரொப்பு மேல வரும், காத்து உள்ள போயிடும். நேரா ஓடுறதுக்கு மட்டும்னா இந்த உயரம் சரி. நீங்க வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுற ஆளுங்க, அரை இன்ச் இறக்குங்க. வேற எதையும் தொடாதீங்க. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது

9:05 பிரபு: மாமா, இல்லேன்னா 4 இலை புரொப்பு போட்டா பிடிச்சுக்குமாமே?

9:06 சித்தப்பா: பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியும் கொடுக்கும், குதிக்கிறதும் குறையும். உச்ச வேகம் கொஞ்சம் குறைய வாய்ப்பிருக்கு. இன்னிக்கு வேண்டாம்

9:07 பிரபு: அப்ப வேகம் இன்னும் ஏறிச்சுன்னா போட்டு இடமும் வலமும் ஆடுமாமே? வீடியோல பார்த்தேன்

9:10 சித்தப்பா: அது சைன் வாக்கிங். அடிப்பாகம் முழுசும் தண்ணியை விட்டு மேல வந்து பேட் மேல மட்டும் ஓடும்போது, ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சாயும். செட்பேக் கூடினா மூக்கு தூக்கும், அதனால அதுவும் சீக்கிரம் வரும். ஸ்டியரிங்குல ஆட்டம் துளி இருந்தாலும் பெருசாகும். உங்க ஸ்டியரிங் ஹைட்ராலிக்தான், இருந்தாலும் பின்னால போய் மோட்டாரைக் கையால ஆட்டிப் பாருங்க

10:31 நான்: அரை இன்ச் இறக்கியாச்சு. 101 கிமீ. பிரஷர் 16. திருப்பத்துல கத்தல, கப்புனு பிடிக்குது. மோட்டாரையும் ஆட்டிப் பார்த்தோம், ஆட்டம் இல்ல

10:32 பிரபு: 1 கிமீ போயிடுச்சே

10:33 செல்வி அக்கா: பிரபு 🙄

10:34 அத்தை: எத்தனை மணிக்குக் கரைக்கு வர்றீங்க?

10:36 நான்: இன்னும் ஒரு ரவுண்டு அத்தை

10:52 சித்தப்பா: கரைக்கு வந்ததும் போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்க. முதல் ஓட்டத்துல பலகை கொஞ்சம் அமுங்கும், லூஸ் ஆகியிருக்கும்

11:20 நான்: ஆமா சித்தப்பா. மேல ரெண்டும் கால் சுத்து இறுகிச்சு

11:21 சித்தப்பா: ம். ஸ்பேனர் ரெண்டும் பத்திரமா இருக்கா?

11:24 பிரபு: ஒண்ணு இருக்கு மாமா

11:24 சித்தப்பா: இன்னொண்ணு?

11:29 நான்: மச்சான் டைப் பண்ணிட்டு டைப் பண்ணிட்டு நிறுத்துறாரு சித்தப்பா

11:30 பிரபு: தண்ணி அவ்வளவு ஆழமில்ல மாமா. காந்தம் கட்டித் தேடிக்கிட்டு இருக்கோம்