கரைவலை: பார்த்ததில் மனதை விட்டுப் போகாதது எது?

பாம்பன்காரன்:
தனுஷ்கோடி போகிற வழியில் கரைவலை இழுப்பதை, அதாவது கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இரண்டு கயிற்றாலும் இழுப்பதை, எல்லாரும் பார்த்திருப்பீர்கள், வண்டியை நிறுத்திப் போட்டோவும் எடுத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது இழுத்து முடித்த பிறகு நடந்தது. வலையின் பையான மடி கரையேறியது, பாதிக்குச் சொறி, அதான் ஜெல்லி மீன், கொஞ்சம் காரல், அடியில் நல்ல நெத்திலி. வியாபாரி கூடையில் அளக்கிறார். கூடை நிரம்பியதும் இரண்டு கையாலும் அமுக்கி, மேலே இன்னும் இரண்டு அள்ளு போட்டுவிட்டுத்தான் "ஒண்ணு" என்கிறார். ஒவ்வொரு கூடைக்கும் அதே அமுக்கல். வலைக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், வாயைத் திறக்கவில்லை. வலைக்கும் கயிற்றுக்கும் முன்பணம் அந்த வியாபாரியிடம் வாங்கியதாம், அதனால் மீன் வேறு யாருக்கும் போகாது, விலையும் அவர் வைத்ததுதான்.

முல்லைக்கரை:
இலங்கையில் எங்கட பக்கம் முந்தி இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நின்று அம்பா என்கிற வேலைப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். போர் முடிந்து ஊருக்குத் திரும்பினால் உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றும் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். சித்தப்பா சின்ன வயதிலிருந்தே கயிறு இழுத்தவர். நான் போன அன்று அவர் இயந்திரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து, வருகிற கயிற்றை வளையம் வளையமாக அடுக்கிக்கொண்டிருந்தார். பங்கு இல்லை, நாள் சம்பளம். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இது லாபம், வேறென்ன.

குளச்சல் கடல்:
முல்லைக்கரை, இயந்திரத்தை மட்டும் குறை சொல்வது சரியில்லை. ஆள் எங்கே? கரைவலையை எங்கள் ஊரில் கரைமடி என்போம், அதற்குக் கூப்பிட்டால் இளசுகள் வருவதில்லை. வளைகுடாவுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் விசைப்படகு. செலவு போக வலைக்குப் பாதி, இழுத்தவர்களுக்குப் பாதி, அந்தப் பாதியை இத்தனை பேர் பிரித்தால் டீக்காசுதான். எனக்கு மறக்காதது வேறு. ஒரு நாள் மடி முழுக்க விரல் நீளம்கூட இல்லாத சாளைக்குஞ்சு. திரும்பக் கடலில் விடலாம் என்றால் அதற்குள் எல்லாம் செத்துவிட்டது, தீவன லாரி அள்ளிக்கொண்டு போனது. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலையைத் திட்டுகிற நாம் இதைப் பேசுவதே இல்லை.

அலைவாய்:
பாம்பன்காரன், அந்த வலைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். கூடையை விட்டுவிட்டுத் தராசுக்கு மாற வேண்டும், ஆனால் கடன் இருக்கும்வரை தராசு வராது, அதனால் முதலில் வியாபாரியின் கடனை அடைக்க வேண்டும். கேரளத்தில் மரியநாட்டில் மீனவர்களே சங்கம் வைத்து மீனைத் தாங்களே ஏலம் விட ஆரம்பித்தார்கள், அந்த வழியில் வந்த சங்கங்கள் சேர்ந்து 1980இல் கூட்டமைப்பும் ஆனது. விற்ற காசில் ஒரு பங்கைச் சங்கம் மூலம் வாங்கிய கடனுக்கும் கொஞ்சம் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்வார்கள். மீன் படாத நாளில் தவணை கிடையாது, வட்டிக்காரனுக்கும் சங்கத்துக்கும் வித்தியாசமே அங்கேதான். குமரி மாவட்டத்திலும் இப்படிச் சங்கங்கள் உண்டு. நாலு வலைக்காரர்கள் சேர்ந்தால் போதும், பாஸ்புத்தகம், கணக்கு எழுத ஒரு ஆள், ஏலத்துக்கு ஒரு ஆள். அப்புறம், வியாபாரியை ஒரேயடியாகப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், அவரும் ஏலத்துக்கு வரட்டும். நானும் ஒரு தடவை வலை இழுத்திருக்கிறேன், கை கொப்பளித்தது, அவ்வளவுதான்.

பாம்பன்காரன்:
அண்ணே, நான் யோசனை கேட்கவே இல்லை. தராசு வந்தாலும் மீனில் ஒட்டிய தண்ணீர் எடைக்கு ஈரக்கழிவு என்று கிலோவுக்கு இவ்வளவு பிடிப்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் நிற்கும், சந்தையில் மீன் விலை ஏறிக் கிடக்கும். அப்போதும் அங்கே அதே கூடை, அதே விலைதான்.