கயல் சின்னம் போட்ட ஸீ ஹாக்: மஞ்சள் மீன் மங்கிப் போகிறது, என்ன செய்யலாம்?

கொற்கைக்காரன் (முருகேஷ்பாளையா, பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். 1/72 அளவில் ஹாபி பாஸ் நிறுவனத்தின் ஸீ ஹாக் போர்விமான மாடல் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். நம் கடற்படை பழைய விக்ராந்திலிருந்து பறக்கவிட்ட அதே ரகம். ஆனால் இதற்கு இந்தியச் சின்னம் போடப் போவதில்லை.

கதை இதுதான்: தாமிரபரணி வண்டல் கொற்கைத் துறைமுகத்தைத் தூர்க்கவே இல்லை. பாண்டிய நாடு முத்து விற்றுக் கப்பல் ஓட்டி இன்றுவரை தனி நாடாகவே இருக்கிறது. 1950களில் பிரிட்டனிடம் ஸீ ஹாக் வாங்குகிறது. படையின் பெயர் கொற்கைக் கடல் வான்படை. என் ஆச்சியின் ஊர் கொற்கைக்குப் பக்கம். சின்ன வயதில் போனபோது வாழையும் குளமும்தான் பார்த்தேன். துறைமுகம் என்கிறார்களே, கடல் எங்கே ஆச்சி என்று கேட்டால் கிழக்கே கையைக் காட்டுவாள். அந்தக் கடலை இந்த விமானத்திலாவது திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை.

மேல்பக்கம் கரும்சாம்பல், அடிப்பக்கம் வெளிர்பச்சை, அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படை நிறம் போலவே அடித்துவிட்டேன். பிரச்சினை சின்னத்தில். நீல வட்டத்துக்குள் இரண்டு மஞ்சள் கயல் வரைந்து, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் தெளிவான டீக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) அச்சிட்டேன். முதல் துண்டைத் தண்ணீரில் போட்டதும் மீன் வால் பக்கமிருந்து மஞ்சள் புகையாகக் கரைந்து கிண்ணம் முழுக்கப் பரவியது. அடுத்ததற்கு வார்னிஷ் அடித்தேன். கரையவில்லை, ஆனால் சாம்பல் மேல் ஒட்டியதும் மீனையே காணோம். சாய்த்துப் பிடித்தால்தான் ஏதோ பாசி மாதிரி தெரிகிறது.

இன்னொரு கேள்வி. வால் எண் 127-ஐத் தமிழ் எண்ணில் எழுத வேண்டும். ௧௨௭ என்றா, பழைய முறையில் ௱௨௰௭ என்றா?

அல்சூர் ஏரிக்கரை

கரைந்ததும் மறைந்ததும் வேறு வேறு கோளாறு. முதலாவதை வார்னிஷ் அடித்துச் சரிசெய்துவிட்டீர்கள். இரண்டாவது, வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதால் வருவது. அதன் மஞ்சள் கண்ணாடி மாதிரி. பின்னால் இருக்கும் தாளின் வெண்மையில்தான் மஞ்சளாகத் தெரியும். பின்னால் கரும்சாம்பல் இருந்தால் எத்தனை முறை அச்சிட்டாலும் அப்படித்தான்.

எனவே நிறத்தைத் திருப்பிப் போடுங்கள். டாமியா மாஸ்கிங் டேப்பில் வட்டம் வெட்டி, அந்த ஓட்டை வழியே வெள்ளையை மெல்லிய மூன்று பூச்சாக அடியுங்கள். முத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன், உங்கள் கதைக்கும் பொருந்தும். அதன்மேல் அடர்நீல மீனைத் தெளிவான தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். நீலம் வெள்ளை மேல் பளிச்சென்று நிற்கும். மஞ்சள்தான் வேண்டும் என்றால் வெள்ளைப் பின்புறமுள்ள டீக்கால் தாள் கிடைக்கிறது. ஆனால் மீனின் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும், துடுப்பில் கத்தி தடுமாறும்.

ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும். அப்புறம், இப்போது பெங்களூரில் மழை. சாயங்காலம் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரத்தில் லாக்கர் வார்னிஷ் வெளுத்துப் போகும். வெயில் வந்த பகலில் அடியுங்கள்.

ஜலஹள்ளி ஏர்ஃப்ரேம்

தம்பி, விமானப்படையில் ஸ்டென்சில் வைத்துச் சின்னம் அடித்தவன் நான். ஒன்று சொல்கிறேன். வட்டச் சின்னம் அழகுக்கு வந்ததில்லை, தூரத்தில் பார்த்துச் சுடாமல் இருப்பதற்கு வந்தது. 1942-ல் ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்புகிறது என்று அமெரிக்கர்கள் தங்கள் நட்சத்திரத்தின் நடுச் சிவப்பையே எடுத்தார்கள். பர்மா போர்முனையில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களும் சிவப்பைக் கைவிட்டன. 36 அங்குல வட்டம் உன் அளவில் 12.7 மில்லிமீட்டர்தான். அதற்குள் இரண்டு மீன் என்றால் கசங்கிய இலை மாதிரி இருக்கும். வட்டத்தில் ஒரே மீன் போடு, செதில் எல்லாம் வேண்டாம். இணைக்கயலை வாலில் நெட்டாக நிறுத்து, பாண்டியர் காசில் இருப்பதுபோல.

ஆஸ்திரேலிய விமானப்படைச் சின்னத்தில் உள்ள கங்காரு, விமானத்தின் மூக்குப் பக்கம்தான் பார்க்கும். மீனும் அப்படியே முன்னால் நீந்த வேண்டும். அதற்கு இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் கண்ணாடிப் பிம்பமாகத் தனித்தனியாக அச்சிட வேண்டும். இதை மறந்தால் ஒரு பக்கம் மீன் பின்னால் ஓடும். இறக்கை மடிப்புக்கோடும் வட்டத்தை வெட்டக் கூடாது.

மல்லேஸ்வரம் 8-வது கிராஸ்

எண் விஷயம். ௱௨௰௭ சரியான பழைய முறைதான், கல்வெட்டுக்கு அழகு. ஆனால் ஓடுதளத்தில் நிற்பவர் ஒரு நொடியில் படிக்க வேண்டியதை நான்கு குறியாக நீட்ட வேண்டாம். ௧௨௭ போதும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ௧ என்பது க, ௨ என்பது உ, ௭ என்பது எ. 'கஉஎ' என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். ௩ சேர்ந்த எண்ணாக எடுங்கள், அதைப் பார்த்ததும் எண் என்று பிடிபடும். விமான அணியைக் குறிக்கும் அணி எழுத்துக்கு, எண் மாதிரி இருக்கும் க, உ, ச, எ, அ, ய தவிர்த்து 'கொ' மாதிரி ஒன்றை வையுங்கள்.

கொற்கைக்காரன்

மூவருக்கும் நன்றி. ஞாயிறு மதியம் வெயில் வந்ததும் வெள்ளை வட்டம் அடித்தேன். டேப்பை உரித்தபோது ஓரம் நூல் பிடித்தமாதிரி வந்தது. நீலக் கயல் ஒட்டி இரவு முழுக்கக் காயவிட்டேன். சாய்க்க வேண்டியதில்லை, அறையின் வாசலிலிருந்தே மீன் என்று தெரிகிறது. எண் ௧௩௩, அணி எழுத்து கொ.

ஜலஹள்ளி சார், ஒரு பக்கத்துக்கு நான் மறந்தேதான் அச்சிட்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் பார்த்து வலப்பக்கத்தைத் திரும்ப அச்சிட்டேன். இப்போது இரண்டும் மூக்கைப் பார்த்து நீந்துகின்றன. இன்னும் எச்சரிக்கை எழுத்துகள் பாக்கி. இறக்கையின் ஃபிளாப் மேல் 'மிதிக்காதே' என்று தமிழிலேயே போடப் போகிறேன். எழுத்து அரை மில்லிமீட்டர் உயரம்தான் வரும், ஒரு கோடாகத்தான் தெரியும். இருந்தாலும் அதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.